கேட்டது நான் என்பதால்

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டில் என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிய தாய்மார்கள் மற்றவர்களைவிட மன நிம்மதியோடு இருக்கிறார்களா? பதில் முன்பே தெரியும் என்றுதான் நினைத்தேன். இருப்பார்கள். என் அம்மா இருந்தாளே.

எங்கள் ஊருக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எல்லாருமே அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள். இப்போது அதே தெருவில் ஒரு செவிலியர், இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார்கள். சிலர் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வாங்கியிருக்கிறார்கள். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் எங்களை வளர்த்தாள். அண்ணன் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். அம்மா பட்ட பாடு வீண்போகவில்லை என்று தெருவே சொன்னது. அதைத்தான் நானும் கொஞ்சம் நல்ல தமிழில் கருதுகோளாக எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியையை நாங்கள் மேடம் என்போம். எந்நேரமும் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் இருப்பார். என் திட்டத்தைப் புரட்டிக்கொண்டே, "இந்த முடிவு வரலன்னா உனக்கு வருத்தமா இருக்குமா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வினாத்தாளில் இருபது கேள்விகள். அதை இரண்டு முறை திருத்தினோம். முதல் வடிவத்தில், "உங்களுக்குத் தூக்கம் வராமல் இருந்ததா?" என்று ஒரு கேள்வி. சோதனைக்காகக் கேட்ட ஒரு பெண், "இல்லை" என்றார். தூக்கம் இல்லை என்கிறாரா, அந்தத் தொந்தரவு இல்லை என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். "அதான் இல்லைங்கிறேனே" என்றார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் ஆமா போட்டார். சந்தோஷமாக இருக்கிறீர்களா? ஆமா. அடிக்கடி அழுகை வருகிறதா? ஆமா. கேட்கிற பெண்ணின் மனம் நோக வேண்டாமே என்று அப்படிச் சொன்னதாகப் பிறகு சிரித்தார். ஆமாவும் இல்லையும் வேண்டாம், எத்தனை நாள் என்று கேட்போம் என்று மாற்றினோம். ஒருநாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், தினமும். நான்கில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்தோடு எல்லா ஓட்டையும் அடைபட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஊரில் இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று எங்கள் தெரு. மற்றது கோயிலை ஒட்டிய பெரிய தெரு. அங்கே ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள். இப்போது அங்கும் பிள்ளைகள் வெளியூரில்தான். வீடுகளுக்கு நானே எண் போட்டு, சீட்டுக் குலுக்கி வீடுகளைப் பொறுக்கினேன். எங்கள் வீட்டு எண்ணும் வந்தது. நெருங்கிய உறவினரை நேர்காணல் செய்யக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. மேடத்திடம் சொன்னால் அந்த வீட்டை நீக்கிவிடுவார். அம்மாவின் பதில்கள் என் முடிவுக்கு வலு சேர்க்கும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அத்தை, சித்தி என்று கூப்பிடுகிறவர்களை எல்லாம் உறவு என்று தள்ளினால் தெருவே மிஞ்சாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவிடம் கேட்ட நாளில் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் காகிதத்தோடு உட்கார்ந்தேன்.

"கடைசி ரெண்டு வாரத்துல எத்தனை நாள்மா மனசு சரியில்லாம இருந்துச்சு?"

"எனக்கென்ன பாப்பா, நல்லாத்தான் இருக்கேன். அண்ணன் வாராவாரம் போன் பண்ணுறான். நீ படிக்கிற."

"அப்ப ஒருநாளும் இல்லன்னு போடவா?"

"போடு."

அடுத்த கேள்விக்கும் போடு. அதற்கடுத்ததற்கும் போடு. கடைசியில் ஒரு வெற்றிடம் உண்டு. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். "சோறு வடிச்சிட்டேன், சாப்பிட்டுட்டுப் போ. அதான் சொல்லணும்" என்றாள். இருவரும் சிரித்தோம். நான் 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். மொத்தமும் கால் மணி நேரத்தில் முடிந்தது.

எங்கள் தெருவில் மற்ற வீடுகளும் ஏறக்குறைய இப்படித்தான் போயின. படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் நிம்மதியாக இருந்தார்கள். நான் நினைத்த இடத்தில் எல்லாம் நினைத்த பதில் வந்தது.

மூன்று வாரம் கழித்து மேடம், முடித்த வீடுகளில் சிலவற்றைச் சீட்டுப்போட்டு எடுத்து, வேறொருவரை அனுப்பி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றார். இரண்டு பேர் கேட்டாலும் பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. அந்தச் சீட்டுகளை அவரே எடுத்தார். அனுப்பியது எங்களோடு படித்த ஒரு கும்பகோணத்துக்காரரை. அவருடைய தாத்தா காலத்தில் நிறைய நிலம் இருந்த குடும்பம். இப்போது வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள், பொறியாளர்கள். அதிகம் பேச மாட்டார். வினாத்தாளை அவர் வாசிப்பது பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல இருக்கும். ஏற்ற இறக்கமே இருக்காது.

எங்கள் தெருப் பெண்கள் இவரிடம் வாயே திறக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஆண், வேற்றூர், அதிலும் அந்தமாதிரிக் குடும்பம். கொஞ்சம் அலட்சியமாகவே நினைத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் ஊருக்குப் போய் வந்தபிறகு, "எப்படிப் பேசுனாங்க?" என்று கேட்டேன்.

"கேட்டேன். சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஒரு பிற்பகல் துறை அறையில் உட்கார்ந்து அவர் படிவங்களையும் என் படிவங்களையும் எண் பார்த்து அடுக்கி ஒப்பிட ஆரம்பித்தேன். படிவத்தில் பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். ஆனால் எண் போட்டது நான்தான். நான்காவதாக எடுத்த படிவம் எங்கள் வீட்டினுடையது.

என் தாளில் வரிசையாக 'ஒருநாளும் இல்லை'. அவர் தாளில், மனசு சரியில்லாமல் இருந்தது: தினமும். எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தது: தினமும். சாப்பாடு பிடிக்கவில்லை: பாதி நாளுக்கு மேல். கடைசி வெற்றிடத்தில் அவருடைய குண்டுகுண்டான கையெழுத்தில் அம்மாவின் பேச்சு அப்படியே இருந்தது.

"புள்ளைங்க நல்லா இருக்காங்க. என்னைய வயலுக்குப் போவக் கூடாதுன்னுட்டாங்க. நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா பொழுது போவ மாட்டேங்குது தம்பி. காலையில ஆளுங்க நடவுக்குப் பேசிக்கிட்டே போற சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்கிறேன். எழுதிக்கங்க. பேரு மட்டும் வேண்டாம்."

இரண்டாவது முறை படிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து, குழாயடியில் தண்ணீர் குடித்தேன்.

அம்மாவை வயலுக்குப் போகக் கூடாது என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அண்ணனுக்குப் பெண் பார்த்த சமயம். பெண் வீட்டார் வருகிற நேரத்தில் அம்மா முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றால் நன்றாக இருக்காது என்று அண்ணன் சொன்னான். கல்யாணம் முடிந்து அண்ணி வந்தபிறகும் அவன் அதையே சொன்னான், அம்மா எப்போதாவது போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் அதற்கு மேலே போனேன். விடுதித் தோழிகள் இருவரை வீட்டுக்கு அழைத்து வந்த ஒருநாள், அம்மா களையெடுப்பிலிருந்து திரும்பி வந்தாள். அவர்கள் போனபிறகு, "இன்னும் எதுக்கும்மா போற? எனக்கு அசிங்கமா இருக்கு" என்றேன். மறுநாள் அம்மா போகவில்லை. அவள் எங்கள் பேச்சைக் கேட்டு ஓய்வெடுக்கிறாள் என்று நாங்கள் இருவரும் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

திரும்ப அறைக்குள் போய் மற்றப் படிவங்களைப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதை. என்னிடம் நிம்மதியாக இருந்தவர்கள் அவரிடம் அப்படி இல்லை. பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஒருவர். மருமகள் முன்னால் பேசப் பயமாக இருக்கிறது என்று ஒருவர். மேற்கொண்டு யார் எவர் என்று யோசிக்காமல் எண்களை மட்டும் பார்க்க முயன்றேன். முடியவில்லை. எல்லா எண்ணுக்கும் எனக்கு முகம் தெரிந்தது.

அனுமதி கேட்டுச் சில பேட்டிகளை நான் செல்போனில் பதிவு செய்திருந்தேன். அன்று மாலை விடுதியில் இயர்போன் மாட்டிக்கொண்டு அதில் ஒன்றைக் கேட்டேன். எதிர்வீட்டு அத்தை. வினாத்தாளில், "எத்தனை நாள் தூக்கம் சரியாக வரவில்லை?" என்றிருந்ததை நான், "தூக்கமெல்லாம் நல்லா வருதுல்ல அத்தை?" என்று கேட்டிருந்தேன். அத்தை, "ம், வருது" என்றார். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நான் காத்திருக்கவில்லை. "அப்ப ஒருநாளும் இல்ல" என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். நல்ல பதில் வந்தபோதெல்லாம் என் "ம்" வேகமாக வந்தது. ஓரிடத்தில் அத்தை, "சில நாளு என்னமோ மாதிரி..." என்று ஆரம்பித்தபோது, "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று நானே சொல்லி முடித்திருந்தேன்.

என் குரலை நானே கேட்டு அவ்வளவு கூசியது அதற்கு முன்போ பின்போ இல்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீடு பட்டியலில் வந்ததை மறைத்தது, அம்மாவை நானே பேட்டி எடுத்தது, கும்பகோணத்துக்காரர் எழுதியதைப் படித்தது, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க அம்மா படிவம் ரெண்டையும் எடுத்துடு" என்றார். "நீ படிச்சது அவங்களுக்குத் தெரியவே கூடாது. அவங்க உன்கிட்ட சொல்லல. பேரு வேண்டாம்னு சொல்லி அந்தப் பையன்கிட்ட சொன்னாங்க. அதை நம்பித்தான் சொன்னாங்க."

"மத்தவங்களோடது மேடம்? நான் எடுத்ததைத் தூக்கிட்டு அவர் எடுத்ததை மட்டும் வச்சுக்கலாமா? அதுதான் உண்மை."

"அதுதான் உண்மைன்னு யார் சொன்னா? பெரிய தெருப் படிவத்தை ஒப்பிட்டியா?"

ஒப்பிடவில்லை. உட்கார்ந்து ஒப்பிட்டேன். அங்கே தலைகீழாக இருந்தது. பெரிய தெருப் பெண்கள் கும்பகோணத்துக்காரரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. என்னிடம் பேசியிருந்தார்கள். கும்பகோணத்தில் உங்கள் வீடு எது, இன்னாருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அவரிடம் முதலிலேயே விசாரித்திருக்கிறார்கள், அதை அவர் படிவ ஓரத்தில் குறித்திருந்தார். சுற்றிவளைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு கல்யாணத்தில் சந்திக்கக்கூடிய ஆள் அவர். நான் அந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகப் போவதில்லை. அதனால் என்னிடம் சொல்லலாம். எங்கள் தெருவில் அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடுகிறவர். நான் அங்கேயே வளர்ந்தவள், என்னிடம் சொன்னால் அது அன்றைக்கே என் அம்மா காதுக்குப் போகும் என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் இருவரும் எடுத்த படிவங்களை அருகருகே வைத்து எழுதுவதுதான் இனி என் ஆய்வு என்று மேடம் சொன்னார். தலைப்பு மாறியது. யாருடைய அம்மா நிம்மதியாக இருக்கிறாள் என்பது போய், யார் கேட்டால் என்ன பதில் வருகிறது என்பது வந்தது. கும்பகோணத்துக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு வாரம் விடுப்பு வந்தது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போனேன். வயலுக்குப் போகிறாயா என்று நேரடியாகக் கேட்டால் இல்லை, எனக்கென்ன என்றுதான் சொல்வாள். படித்ததைச் சொல்லவும் முடியாது. முதல் நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் தெருவில் பெண்கள் போகும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தூசி வருகிறதாம். இரண்டாம் நாள் ஒரு வேலையாக நான் தஞ்சாவூர் போய்விட்டு இரவு திரும்பினேன்.

மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "நேத்து நான் தஞ்சாவூர் போயிருந்தப்ப என்னம்மா செஞ்ச? காலையில இருந்து சொல்லு" என்றேன். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட நேற்று என்ன நடந்தது என்று கேட்பது சுலபமாகப் பதில் தரும் என்று அந்தச் சில மாதங்களில் தெரிந்துகொண்டிருந்தேன். இந்தமுறை "நல்லா இருந்துச்சுல்ல" என்று ஒட்டவைக்காமல் நாக்கைக் கட்டிக்கொண்டேன்.

"என்னா செய்வேன். எழுந்தேன். டீ போட்டேன். வாசல் கூட்டுனேன்."

"அப்புறம்?"

"குளிச்சேன். இட்லி ரெண்டு தின்னேன்."

"அப்புறம்?"

"உக்காந்திருந்தேன்."

மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"டீவி போட்டேன், அமத்துனேன்" என்றாள். "பத்து மணிக்கு மணியப் பாத்தேன். சரி இன்னம் கொஞ்ச நேரம் ஆயிருக்கும்னு பாத்தா பத்தே கால். உக்காந்தேதான் இருந்தேன் பாப்பா. சாயங்காலம்வரைக்கும் உக்காந்தேதான் இருந்தேன்." பிறகு, "என்னைய என்னாத்துக்கு இதெல்லாம் சொல்ல வைக்கிற?" என்று எரிச்சலாகக் கேட்டாள்.

"வயலுக்குப் போகணும்னு இருக்காம்மா?"

"அண்ணன் என்னா சொல்லுவான்?"

"உனக்கு இருக்கான்னு கேட்டேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானடி அசிங்கம்னு சொன்ன" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நினைத்து ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள்.

"சொன்னேன். தப்பும்மா" என்றேன். அம்மா எழுந்து போய் உலை வைத்தாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "மாமனார் வீட்ல நம்மள என்னன்னு நினைப்பாங்க? அம்மாவை வேலைக்கு அனுப்பிச் சாப்பிடுறோம்னுதானே?" என்று கத்தினான். "அம்மா பகல் பூரா சும்மா உக்காந்திருக்குண்ணே" என்றேன். அதற்கு அவன், "சும்மா இருக்கத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டுச்சு" என்றான். உண்மையாகவே அவன் அப்படித்தான் நம்பினான். நான்கு மாதம் முன்பு நானும் அதைத்தானே வினாத்தாளாக அடித்து வைத்திருந்தேன் என்று தோன்றியதால் சண்டை போடவில்லை. முடிவில் அண்ணிதான் போனை வாங்கி, "அத்தைக்கு இஷ்டம்னா போகட்டுங்க, எங்க வீட்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எங்க அம்மாவே இன்னும் போறாங்க" என்றார். அது அண்ணனுக்கே அதுவரை தெரியாது. அண்ணியின் வீட்டிலும் விருந்தாளி வருகிற நாட்களில் அதை மறைத்திருக்கிறார்கள்.

அம்மா அந்த வாரமே போனாள். முன்புபோல வரிசை கட்டி நடும் வேலை இப்போது குறைவு. பெரும்பாலும் மெஷின் நடுகிறது. மெஷின் விட்டுப்போன இடங்களிலும் வரப்போரத்திலும் மூலைகளிலும் பெண்கள் நாற்று நடுகிறார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து இடுப்பு வலி என்று இரண்டு நாள் படுத்துவிட்டாள். இதற்குத்தான் சொன்னேன் என்று அண்ணன் போனில் சொன்னான். நான்காம் நாள் மறுபடி போனாள். மெஷின் ஓட்டுகிறவர் கோணல்மாணலாக ஓட்டுகிறார் என்றும், கூட வருகிற ஒருத்தி செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குகிறாள் என்றும் வந்ததும் வராததுமாகத் திட்டுவாள். நான் விடுதியிலிருந்து பேசினால் பாதி நேரம் அந்தப் பேச்சுதான். சந்தோஷமாக இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

ஆய்வின் இறுதி வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். குறைபாடுகள் என்ற பகுதியில், உறவினரை நேர்காணல் செய்து அதை மறைத்தேன், பிறகு அந்தப் படிவங்கள் நீக்கப்பட்டன என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதை எழுதாம விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?" என்றார்.

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

"மத்தப் படிவத்தையும் அப்படித்தான் கேட்டேன் சார். அம்மாகிட்ட கேட்ட மாதிரியேதான் எல்லார்கிட்டயும் கேட்டேன். அதைச் சொல்லாம மத்தது புரியாது."

அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குப் பதில் தெரிந்தது, ஒன்றுக்குத் தெரியவில்லை. தேர்ச்சி கிடைத்தது. பிற்பகல் பஸ்ஸில் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "என்னாத்தைப் பத்தி எழுதுன?" என்று கேட்டாள். ஒரே கேள்விக்கு ஆள் மாறினால் பதிலும் மாறுகிறது, அதைப் பற்றி என்றேன். "இது தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள். அந்தப் படிவத்தை நான் படித்ததை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.